எட்டுக் கல்

வேலை முடிந்து வெளியே போகிறவனுக்கு மணி அடித்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்காகத்தானே அந்தச் சட்டத்தை அணுக்கழிவு ஆலையின் வாசலில் நட்டுவைத்திருக்கிறார்கள். கதவு நிலை மாதிரி ஒரு இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்ன விளக்குகள். உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்துக்கு நேரே விளக்கு எரிந்து மணி அடிக்கும். மாலையில் எல்லோரும் ஆலை உடுப்பைக் களைந்து குளித்துவிட்டு வந்து அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவார்கள். காலையில் வரும்போதும் அதே வழிதான், ஆனால் யாரும் நிற்பதில்லை. வீட்டில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறவன் உடம்பில் என்ன இருந்துவிடப் போகிறது?

அன்று திங்கட்கிழமை காலை, அடையாள அட்டையைப் பையில் துழாவிக்கொண்டே கலவைக்காரன் அந்தச் சட்டத்துக்குள் கொஞ்சம் நின்றுவிட்டான். மணி அடித்தது. வலது தோளுக்கு நேரே ஒரு விளக்கு, கழுத்துக்கு நேரே ஒரு விளக்கு, இரண்டும் சிவப்பாக எரிந்தன.

"என்னண்ணே, வீட்லயே ஒரு ஃபேக்டரி வெச்சிட்டீங்களா?" என்றான் வாசல் காவலாளி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மீட்டர்காரர் வந்தார். கதிர்வீச்சு மீட்டர் வைத்து ஆட்களையும் அறைகளையும் சோதிப்பதுதான் அவர் வேலை. இருபது வருடமாக அதையே செய்து, யார் முகத்தைப் பார்த்தாலும் மீட்டரைப் பார்ப்பது போலவே பார்ப்பார். ஈரத்துணியால் அவன் கழுத்தைத் துடைத்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி மஞ்சள் பையில் கட்டினார், வேறு சட்டை கொடுத்தார். ஏட்டைப் புரட்டி, சனிக்கிழமை அவன் சுத்தமாகத்தான் வெளியே போயிருக்கிறான் என்றார். சட்டத்தில்தான் ஏதோ கோளாறு, ஆள் வரச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்தது போலத்தான் இருந்தது.

ஆனால் அது அவன் மண்டையைக் குடைந்தது. வெளியே போகும்போது அடித்தால் இங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். உள்ளே வரும்போது அடித்தால்?

கலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று அங்கே யாருக்கும் தெரியாது, வெள்ளைக் குழல்விளக்கும் காற்றை உறிஞ்சும் விசிறியின் முனகலும்தான். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம் நிற்கும். மேலேயிருந்து சிமெண்டுப் பொடி உஸ்ஸென்று இறங்கும். அதற்கும் மேலே ஒரு அளவுத் தொட்டி. பம்பு அறையில் இருக்கும் பம்புக்காரர் கழிவுத் தண்ணீரை அதில் நிரப்பிக் கொடுப்பார். இவன் நெம்புகோலை இழுத்தால் தண்ணீர் டிரம்முக்குள் விழும். துடுப்பு அரை மணி நேரம் சுற்றும். பிறகு அந்தத் துடுப்பையும் உள்ளேயே விட்டு மூடிவிடுவார்கள், அதுவும் கல்லோடு கல்லாகிவிடும்.

பார்வையாளர்கள் வரும் நாளில் விளக்கம் சொல்வதும் அவன்தான். "சிமெண்டு தண்ணியைக் குடிக்கும். தண்ணியில இருக்கிற விஷத்தையும் சேர்த்துக் குடிச்சிரும். ஒரு தடவை கல்லாயிட்டா, உள்ள போனது உள்ளதான். முந்நூறு வருஷம் ஆனாலும் வெளிய வராது" என்பான். பதினோரு வருடத்தில் அவன் கலந்த டிரம் ஒன்றுகூட வியர்த்ததில்லை. மற்றவர்கள் கலந்ததில் மேலே நீர் கோத்து நிற்கும், விளிம்பில் உப்புப் பூக்கும். அவன் டிரம் மொட்டைப் பாறை மாதிரி இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைய முதல் டிரம்மில் கழிவு விழுந்ததும் வழக்கமான நெடி கிளம்பியது. கழிவுத் தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்தால் வரும் நெடி அது. பல நாள் கழுவாத கழிப்பறையின் நெடி. முகமூடியைத் தாண்டி மூக்கைத் துளைக்கும், கண்ணைக் கரிக்கும். பதினோரு வருடப் பழக்கத்தில் அவன் அதைக் கவனிப்பதே இல்லை. அன்று கவனித்தான். கவனித்து, இழுத்த மூச்சை விடாமல் நின்றான். இதே நெடியை நேற்று வீட்டில் முகர்ந்திருக்கிறான்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், சிட்டுவின் அறையில். அவனுடைய மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் சிட்டு. மனைவி படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக் கழுதை இன்னும் படுக்கையை நனைக்கிறதே, வெட்கமாயில்லையா என்று. சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"நான் இல்லம்மா. ரூம்தான் அப்படி வாசம் வருது."

அவன் அப்போது நடுவில் புகுந்து சமாதானம் பண்ணிவிட்டான். சின்னப் பிள்ளைதானே, விடு என்றான். விரிப்பு நனைந்திருக்கிறதா என்று இரண்டு பேருமே தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த அறையின் தரை அவன் கையால் போட்டது. அதைச் சொல்லவேண்டுமானால் வெள்ளைக்கோட்டு டிரம்மைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆலையில் மோட்டாரோ துடுப்போ மாற்றினால், கழிவைக் கலப்பதற்கு முன்னால் வெறும் தண்ணீரை விட்டு ஒரு டிரம் கலந்து பார்ப்பார்கள். வெள்ளோட்டம். அந்த டிரம்மில் குழப்பம் வராமலிருக்க ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுவார்கள். கலந்த கலவையை வீணாக்குவானேன் என்று முற்றத்தில் அச்சுகளில் ஊற்றிப் பாவுகல் வார்ப்பார்கள். தோட்டத்துக்கு என்று பேர். ஆனால் ஆலையில் வேலை செய்கிற எல்லோர் வீட்டிலும் அந்தக் கல் இருக்கும். துணி துவைக்கிற இடத்தில் ஒன்று, வாசற்படியில் ஒன்று. மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். தோட்ட வண்டி பின்வாசல் வழியாகப் போகும், அங்கே சட்டமும் கிடையாது மணியும் கிடையாது. வெள்ளைக்கோட்டு டிரம்மை யாரும் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. வெறும் தண்ணீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சிட்டுவுக்குத் தனி அறை வேண்டும் என்று ஒரே அடம். இருந்த சாமான் அறையைக் காலி செய்து, இருபத்துநாலு கல் பாவினால் போதும் என்று கணக்குப் போட்டான். பதினாறு கல் கிடைத்தது. எட்டு குறைந்தது. இரண்டு மாதமாக ஆலையில் எதுவும் பழுதாகவில்லை, வெள்ளோட்டமும் இல்லை. சிட்டு தினமும் "எப்பப்பா?" என்று நச்சரித்தாள். பிறகு ஒரு நாள், ஆறாவது டிரம் முடிந்ததும் மோட்டார் புகைந்து நின்றது. அவன் மனதுக்குள் கும்பிடே போட்டான். புது மோட்டார் மாட்டியதும் நேரே மறுபடி கழிவுக்குப் போகலாம், பழைய மாடல்தான் என்றார் மேற்பார்வையாளர். எதற்கும் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று விடாப்பிடியாக நின்றது இவன்தான். முன்கூட்டியே டிரம்மில் வெள்ளைக் கோடு போட்டதும் இவன்தான். எட்டுக் கல்லுக்காக.

அளவுத் தொட்டி நிறைந்திருந்தது. பம்புக்காரர் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார் என்று நினைத்து, அவரிடம் கேட்காமலே நெம்புகோலை இழுத்தான்.

அன்றைக்கு அந்த நெடி வந்தது. வெறும் தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்தால் ஒரு நெடியும் வராது. அது அவனுக்குத் தெரியும், அவனைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. காலையில் கலந்த ஆறு டிரம்மின் நெடிதான் அறையில் தங்கியிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். ஒரே நாளில் இறுகவேண்டிய கல் மூன்று நாள் ஈரமாகவே கிடந்தபோது, மழைக்காற்று என்று சொல்லிக்கொண்டான். மாதக் கடைசியில் கழிவுத் தொட்டியில் ஒரு டிரம் அளவு குறைந்தபோது அளவுமானி கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான்.

அது நடந்து ஐந்து மாதம்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் சட்டத்துக்குள் வேண்டுமென்றே நின்றான். புதுச் சட்டை, பிரித்து முதல் தடவை போட்டது. எட்டு எண்ணுவதற்குள் மணி அடித்தது. வலது தோள். கழுத்து. நேற்று எரிந்த அதே விளக்குகள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மீட்டர்காரர் அவனைத் தனியாக ஒரு அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"சட்டத்துல கோளாறு இல்ல. நேத்தே ஆள் வந்து பார்த்தாச்சு. காலையில கிளம்பி எங்கெங்க போறீங்க?"

"எங்கயும் இல்லங்க. பாப்பாவைத் தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போய் ஸ்கூல் வேன்ல ஏத்துவேன். அப்புறம் நேரா இங்கதான்."

"வீட்ல நம்ம ஆலைச் சாமான் ஏதாவது இருக்கா?"

இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் வீட்டுக்குள் வருவார்கள், வேலை போகும், ஜெயில்கூட வரலாம். அதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும், அதுதான் பயம். சொல்லாதவரைக்கும் சிட்டு வெறும் கல்லின் மேல்தான் தூங்குகிறாள்.

"இல்லங்க" என்றான்.

மீட்டர்காரர் ஏட்டில் ஏதோ எழுதினார். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன், விதி அது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவன் கழுத்தை அவர் துடைத்த துணி மேஜை மேல் கிடந்தது. அதை மீட்டரில் காட்டிவிட்டு, எச்சில் பட்ட மாதிரி பிசுபிசுவென்று இருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான். சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில், ஒரு கை மீட்டர் இருந்தது. திருட்டுத்தான். உள்ளங்கையளவு பெட்டி, சுருட்டிய ஒயர், அதன் நுனியில் ஒரு வட்டத்தட்டு. எதன்மேல் நீட்டினாலும் அதில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லும்.

வீடு பூட்டியிருந்தது. மனைவி தையல் கடையில், சிட்டு பள்ளிக்கூடத்தில். வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது. உள்ளே சிட்டுவின் அறைத் திரையை மனைவி வெயிலுக்காக இழுத்து மூடியிருந்தாள். நீலத் துணி வழியாக வந்த வெளிச்சத்தில் கட்டிலும் பொம்மைகளும் தண்ணீருக்கடியில் கிடப்பவை போலத் தெரிந்தன. நெடி இருந்தது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் இருந்தது. அவன் கதவருகே நின்றபடி மனைவி போன வாரம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டான். சிட்டு தலையில் சீப்பு வைத்தால் கைநிறைய முடி வருகிறது, எண்ணெயை மாற்றவேண்டும் என்றாள். பிள்ளை சாப்பிடவே மாட்டேனென்கிறாள், வேனில் ஏறும்போதே தூங்கி வழிகிறாள் என்றாள். கட்டிலுக்கு அடியில் எத்தனை தடவை பெருக்கினாலும் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, என்ன கல்லு போட்டீங்களோ என்றும் சொன்னாள்.

மீட்டரைப் போட்டான்.

டக். வெகுநேரம் கழித்து, டக். அது எங்கேயும் இருக்கும் சத்தம். வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வருவது. பயமில்லை.

வாசலோரக் கல்லில் காட்டினான். டக். அடுத்த கல். டக். பதினாறு கல்லையும் பார்த்து முடித்தபோது நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. ஒன்றுமில்லை. பயந்ததெல்லாம் வீண் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தான்.

கட்டிலை இழுத்தான்.

அந்த எட்டுக் கல்லும் கறுத்து, ஈரம் கோத்துக் கிடந்தன. விளிம்புகளில் வெள்ளைத் தூள், மாவு தெளித்த மாதிரி. பழக்கதோஷம், குனிந்து விரல்மூட்டால் தட்டிப் பார்த்தான். நன்றாக இறுகிய கல் கணீரென்று பேசும். இது பேசவில்லை. ஈரமான எதையோ தட்டியது போலச் சத்தம் உள்ளேயே போய்விட்டது.

வட்டத்தட்டை நீட்டினான்.

பொரி பொரிவது மாதிரி. பிறகு மழை மாதிரி. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கமுடியாத ஒரே இரைச்சல்.

பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தானோ தெரியாது. எழுந்தபோது ஒன்றே ஒன்றுதான் மனதில் இருந்தது. அவள் வருவதற்குள். மூன்றரைக்கு வேன் வரும், அவள் வருவதற்குள். கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டான். நெம்பினான். ஒவ்வொரு கல்லும் ஈரச் சத்தத்தோடு எழும்பியது. பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றினான், கொல்லைக் கோடியில் குழியில் போட்டான். அடிமண்ணையும் ஒரு முழம் தோண்டி எடுத்தான். துடைப்பம், விரிப்பு, மெத்தை, எல்லாம் குழிக்குப் போயின. பொம்மைகளை ஒவ்வொன்றாக மீட்டரில் காட்டினான். சுத்தமாக இருந்த ஒரு துணிப் பொம்மையை மட்டும் வைத்துக்கொண்டான். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தான். தன் கையை, முழங்காலைத் துடைத்தான். மறுபடி காட்டினான்.

டக்.

காத்திருந்தான்.

டக்.

அவன் அழுதான். ஆமாம், வெட்கமில்லாமல், சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி விம்மி அழுதான். போய்விட்டது. நாளைக்கு மீட்டர்காரர் வரட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். அறை சுத்தம். நடுவில் செம்மண் குழி, சுற்றிலும் பதினாறு நல்ல கல். கையில் தொங்கிய மீட்டர் எப்போதாவது ஒரு தடவை, சமாதானமாக, டக் என்றது.

அப்போதுதான் தோள் ஞாபகம் வந்தது.

வலது தோள். கழுத்து. அந்தத் தரையில் அவன் தோளை வைத்ததே இல்லை. கழுத்தை வைத்ததே இல்லை. போட்டிருந்தது அன்று காலைதான் பிரித்த புதுச் சட்டை. அப்படியானால் தோளில் பட்டது எது? தினமும் காலையில், தெருமுனை வரைக்கும், வலது தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி, கழுத்தில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டு.

வேன் ஹாரன் கேட்டது.

செருப்பைக் கழற்றும் சத்தம். நடையில் ஓடிவரும் சத்தம். அவன் கையில் மீட்டர் டக் என்றது. டக் டக் என்றது. இன்னும் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"அப்பா! நீ எப்ப வந்தே? ஐயோ, என் ரூமை ஏன்ப்பா ஒடைச்சே?"

அவன் அவளை அப்படியே வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். சீருடையைக் கழற்றி வெளியே எறிந்தான். சோப்புப் போட்டான். தலை, கை, விரலிடுக்கு, பாதம். கூச்சத்தில் அவள் நெளிந்து சிரித்தாள். மூன்று தடவை. தண்ணீர் தீரும்வரை. துவட்டினான். பிறகு வட்டத்தட்டைக் காட்டினான்.

பாதம். டக். சுத்தம்.

கை. டக். சுத்தம்.

தலைமுடி. டக். சுத்தம்.

"கட்டிலுக்கு அடியில வெள்ளையா இருக்குமே, அதை எடுத்தியாம்மா?" என்று கேட்டான்.

"சொப்புச் சமையலுக்கு எடுப்பேன்ப்பா. மாவு."

"வாயில வெச்சியா?"

சிட்டு யோசித்தாள். அம்மாவிடம் சொல்லிவிடுவானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"கொஞ்சமா. தினமும் கொஞ்சமாத்தான். உப்பா நல்லா இருக்கும்."

அவன் கை தானாகக் கீழே இறங்கியது. வட்டத்தட்டு அவள் தொண்டைக்கு நேரே வந்தது. மார்புக்கு. வயிற்றுக்கு.

மழை.

துடைத்தான். மறுபடி காட்டினான். மழை. துண்டால் அழுத்தித் துடைத்தான், தோல் சிவக்கத் துடைத்தான். மழை குறையவில்லை. பதினோரு வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்த வார்த்தை அவன் வாய்க்குள்ளேயே சுற்றியது. உள்ள போனது உள்ளதான்.

மீட்டர் அவன் கையிலிருந்து நழுவியது. சிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். ஈரத்தலையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு, கூடத்தில் போய் உட்கார்ந்து, துணிப் பொம்மையின் வயிற்றில் டாக்டர் மாதிரி அந்த வட்டத்தட்டை வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. உதட்டைப் பிதுக்கினாள். எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். வீடு முழுக்க இரைந்தது. அவள் முகம் மலர்ந்தது.

வாசல் கேட்டைத் திறந்துகொண்டு மனைவி வரும் சத்தம் கேட்டது.

"அப்பா, இங்க பாரேன். பொம்மைகிட்ட பேசவே மாட்டேங்குது" என்றாள் சிட்டு. "என்கிட்ட மட்டும்தான் பேசுது."